டிரம்மில் புகைக்கறி, தட்டில் கோடை மழைக் கீரை: ஏற்காட்டுக்கு ஏற்ற செய்முறை

கடையில் பன்றிக்கறி என்று மட்டும் கேட்டால் பெரும்பாலும் தொடைக்கறிதான் கைக்கு வரும். புகையில் நிதானமாக வேகவைக்க அது சரிப்படாது. கழுத்துக்கும் முன்னங்காலுக்கும் இடைப்பட்ட தோள்பட்டைக் கறியை, எலும்பு நீக்கி, ஒரே துண்டாக 2 கிலோ வெட்டித் தரச் சொல்லுங்கள். மேல்கொழுப்பு அரை சென்டிமீட்டர் இருந்தால் போதும், அதற்கு மேல் இருப்பதைச் சீவிவிடலாம்.

தோள்பட்டையைத் தேர்ந்தெடுக்கக் காரணம் கொலாஜன். உடல் எடையைத் தாங்கி ஓயாமல் உழைக்கும் இந்தத் தசைகளில் அந்த இணைப்புத்திசுப் புரதம் அடர்ந்திருக்கும். நடுநடுவே கொழுப்பும் இழையோடும். உள்வெப்பம் 50 டிகிரி செல்சியஸைத் தாண்டும்போதே தசைப் புரதங்கள் சுருங்கத் தொடங்கும். 65, 70 டிகிரியில் சாறு பிழியப்பட்டுக் கறி ரப்பராகிவிடும். கொலாஜன் ஜெலட்டினாக உருகத் தொடங்குவதும் ஏறக்குறைய இங்கேதான், ஆனால் மிக மெதுவாக. 80ஐத் தாண்டினால்தான் அந்த வேலை சூடுபிடிக்கும். ஆகவே ‘கடினமாக இருக்கிறது, அதிகம் வெந்துவிட்டது போல’ என்று நினைத்துப் பாதியில் எடுப்பதுதான் இந்தக் கறியில் நடக்கும் முதல் தவறு. அது இன்னும் வேகவில்லை.

முந்தைய இரவே 30 கிராம் கல்லுப்பைப் பொடித்துக் கறி முழுக்கத் தடவி, மூடாமல் ஃப்ரிட்ஜில் வையுங்கள். எடையில் ஒன்றரை சதவீத உப்பு என்பதே கணக்கு. காலையில் 15 கிராம் கொரகொரப்பான மிளகும் (சேர்வராயன் மலை மிளகு இருக்கும்போது வேறெதற்கு?), 10 கிராம் இடித்த மல்லியும், 20 கிராம் நாட்டுச் சர்க்கரையும் பூசினால் போதும். இஞ்சி பூண்டு விழுதை ஏழு மணி நேரப் புகையில் வைத்தால் கருகிக் கசக்கும்.

அடுப்புக்கு 200 லிட்டர் சமையல் எண்ணெய் டிரம் நல்லது. ரசாயனம் வந்த டிரம்மும், துத்தநாகம் பூசிய தகரமும் ஆகவே ஆகாது. அடியோரத்தில் 2 சென்டிமீட்டர் விட்டத்தில் மூன்று துளைகள், ஒவ்வொன்றுக்கும் மூடித் திறக்க ஒரு தகட்டு மூடி, மேல்மூடியில் 5 சென்டிமீட்டர் புகைபோக்கி. கரிக்கூடைக்கும் கம்பி வலைக்கும் இடையே இரண்டடி உயரம் வேண்டும். நடுவில் தண்ணீர் ஊற்றிய அகலத் தட்டு. அது வெப்பத்தைச் சீராக்கும், சொட்டும் கொழுப்பையும் பிடித்துக்கொள்ளும். கொழுப்பு நேரே தணலில் விழுந்தால் பென்சோபைரீன் போன்ற புற்றுநோய்க் காரணிகள் புகையோடு ஏறிக் கறியில் படியும்.

கூடையில் 3 கிலோ சிரட்டைக் கரியைப் பற்றவைக்காமல் நிரப்பி, நடுவில் குழி செய்து, தனியே கனியவைத்த பத்துப் பன்னிரண்டு துண்டுகளை மட்டும் அதில் போடுங்கள். நெருப்பு ஓரம் நோக்கி மெல்லப் பரவும். கறி இருக்கும் உயரத்தில் 110 டிகிரி நிற்க வேண்டும். சூட்டை அடித்துளைகளால் மட்டுமே கட்டுப்படுத்துங்கள், புகைபோக்கியை மூடாதீர்கள். புகை உள்ளேயே தேங்கினால் தார் போன்ற பிசுக்கு கறிமேல் படிந்து நாக்கைக் கசக்க வைக்கும். வெள்ளையாகத் திரண்டு வரும் புகை, விறகு காற்றில்லாமல் திணறுவதற்கு அடையாளம். அது மெலிந்து நீலம் பாரித்த பிறகே கறியை உள்ளே வைக்க வேண்டும். ஏற்காட்டில் குளிர்கிறது என்று இந்த வேலையை வீட்டுக்குள்ளோ, மூடிய கொட்டகையிலோ செய்துவிடாதீர்கள். கரித்தணல் விடும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. ஆளைக் கொன்றுவிடும்.

மணம் தருவது விறகு. மரத்திலுள்ள லிக்னின் சிதையும்போது குவாயகால், சிரிங்கால் என்ற பீனால்கள் பிறக்கின்றன. ‘புகை வாசம்’ என்று நாம் உணர்வது பெரும்பாலும் இவற்றைத்தான். செல்லுலோஸ் சிதைவதில் வரும் பொருட்கள் கறிக்குப் பொன்பழுப்பு நிறம் ஏற்றும். காபித் தோட்டத்தில் கவாத்து செய்த கட்டைகளை ஆறு மாதமாவது உலர்த்தி வைத்திருந்தால் அதைவிட நல்ல விறகு இந்த மலையில் தேட வேண்டியதில்லை. கொய்யா, பலா, மா எல்லாமே சரி. எண்ணெய் நிறைந்த தைலமரம், கசக்கும் வேம்பு, நஞ்சான அரளி, பெயிண்ட் பூசிய பலகை இவற்றைத் தொட வேண்டாம். முழங்கை நீளத்தில் நான்கு கட்டைகள் போதும். அவற்றை முதல் மூன்று மணி நேரத்துக்குள் ஒவ்வொன்றாகப் போட்டுவிடலாம். குளிர்ந்து ஈரமாக இருக்கும் மேற்பரப்பில்தான் புகை நன்றாகப் படியும்.

மூன்றாவது மணி வாக்கில், கறியின் நடுவில் குத்திய தெர்மாமீட்டர் 68 டிகிரிக்குப் பக்கத்தில் நின்றுவிடும். ஒரு மணி, இரண்டு மணி போனாலும் ஏறாது. அடுப்பில் குறையில்லை. மண்பானைத் தண்ணீர் குளிர்வதைப் போலவே, கறியின் மேல் கசியும் நீர் ஆவியாகும்போது வெப்பத்தை எடுத்துக்கொண்டு போகிறது. தணல் கொடுப்பதும் ஆவி எடுப்பதும் சமமாகிவிடுகிறது. இங்கே பதறிக் காற்றை அதிகம் விட்டால் வெளிப்புறம் கருகும். நிறம் நன்றாக ஏறியிருந்தால், தணலில் வாட்டிய வாழை இலையை மூன்றடுக்காகச் சுற்றி, நனைத்த வாழை நாரால் கட்டி மறுபடி உள்ளே வையுங்கள். ஆவியாதல் குறையும், வெப்பம் மேலே நகரும்.

சமவெளியில் பலர் கறியின் உள்வெப்பத்தை 95 டிகிரி வரை ஏற்றுவார்கள். ஏற்காடு சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. காற்றழுத்தம் குறைவு என்பதால் தண்ணீர் இங்கே ஏறத்தாழ 95 டிகிரியிலேயே கொதித்துவிடும், கீழே சேலத்தில் அது 99 டிகிரி. கறிக்குள் இருப்பதும் தண்ணீர்தான். மேலே 95க்காகக் காத்திருந்தால் இருக்கிற சாறெல்லாம் ஆவியாகிப் போகும். 90, 91 டிகிரியை எட்டியதும் முக்கால் மணி நேரம் அதே சூட்டில் வைத்திருங்கள். இரும்புக் கம்பி ஒன்றைக் குத்தினால் தடையில்லாமல் இறங்க வேண்டும். அதன் பிறகு இலையோடு எடுத்து, துணி சுற்றி, மூடிய பாத்திரத்தில் ஒரு மணி நேரம் ஆறவிட்டால் ஜெலட்டின் சற்றே கெட்டிப்பட்டுச் சாறு கறியிலேயே தங்கும்.

இனி கீரை. ஏப்ரல், மே மழைக்குப் பிறகு பண்ணைக்கீரை, குப்பைக்கீரை, தொய்யக்கீரை, சாரணை எல்லாம் தோட்ட ஓரங்களில் தானாக முளைக்கும். நிழலும் ஈரமும் உள்ள இடத்தில் புளியாரை படர்ந்திருக்கும். பூக்காத இளந்தளிராகப் பறிக்க வேண்டும். களைக்கொல்லி அடித்த காபித் தோட்டத்திலும், சாலையோரத்திலும், சாக்கடைப் பக்கத்திலும் கை வைக்காதீர்கள். சேலத்தில் மேக்னசைட் சுரங்கக் கழிவுமேடுகளை ஒட்டியும் வேண்டாம், அந்தப் பாறை மண்ணில் நிக்கலும் குரோமியமும் அதிகம். ஊமத்தையின் இளஞ்செடியை மணத்தக்காளி என்று பறித்துவிடும் ஆபத்தும் உண்டு. கசக்கினால் ஊமத்தை இலை குமட்டும் நாற்றம் அடிக்கும். துளி சந்தேகம் இருந்தாலும் அந்தச் செடியை விட்டுவிடுங்கள்.

பன்றிக்கறி என்றால் நாடாப்புழு என்று பயப்படுகிறவர்கள் கீரையைப் பற்றி யோசிப்பதே இல்லை. கறியிலுள்ள புழுக்கட்டிகள் 90 டிகிரியில் தப்பவே முடியாது. வேகாத கறியைத் தின்றால் குடலில் நாடாப்புழு வளரும். மூளையில் கட்டி உண்டாக்கி வலிப்பு வரவழைப்பது அந்தப் புழுவின் முட்டை. அது புழு உள்ள மனிதரின் மலத்திலிருந்து மண்ணுக்கும் தண்ணீருக்கும் பரவி, இலையில் ஒட்டி நம் வாய்க்கு வருகிறது. உப்புத் தண்ணீரும் மஞ்சள் தண்ணீரும் அதைக் கொல்லாது. மூன்று முறை அலசியபின் கொதிநீரில் போட்டே ஆக வேண்டும். இந்தக் கீரைகளைப் பச்சையாகத் தட்டில் வைக்காதீர்கள்.

400 கிராம் கீரைக்கு 3 லிட்டர் தண்ணீர், ஒரு தேக்கரண்டி உப்பு. தளதளவென்று கொதிக்கும்போது போட்டு, மூடாமல், சேலத்தில் 2 நிமிடம், ஏற்காட்டில் 3 நிமிடம் வேகவிட்டு வடித்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிடுங்கள். கரையும் ஆக்சலேட்டில் கணிசமான பங்கு அதோடு போய்விடும். சாரணையில் அது அதிகம், சிறுநீரகக் கல் உள்ளவர்கள் சாரணையைத் தவிர்ப்பதே நல்லது. மூடி போட்டால் இலையிலிருந்து வரும் அமில ஆவி திரும்ப விழுந்து, பச்சையத்திலுள்ள மெக்னீசியத்தை வெளியேற்றி, கீரையைப் பழுப்பாக்கிவிடும்.

தண்ணீர்த் தட்டில் மிதக்கும் கொழுப்பை இரண்டு கரண்டி வழித்தெடுத்து இரும்புச் சட்டியில் ஊற்றுங்கள். புகையின் பீனால்கள் கொழுப்பில் நன்றாகக் கரைபவை, எனவே அந்தக் கொழுப்பே ஒரு தாளிப்பு. அதில் நான்கு வரமிளகாய், ஆறு பல் பூண்டு, 100 கிராம் சின்ன வெங்காயம் வதங்கியதும் வடித்த கீரையைச் சேர்த்து இரண்டு நிமிடம் புரட்டுங்கள். ஒரு கைப்பிடி புளியாரையை அலசித் தனியே கொதிநீரில் அரை நிமிடம் முக்கி எடுத்துக் கடைசியில் கலக்க வேண்டும். முன்னதாகப் போட்டால் அதன் புளிப்பே கீரையின் நிறத்தைக் கெடுத்துவிடும். கறியை நார் நாராகப் பிய்த்து, இலையில் தேங்கிய சாற்றை அதன்மேல் ஊற்றி, சாமைச் சோற்றோடு சூடாகப் பரிமாறுங்கள். மீந்த கறியை இரண்டு மணி நேரத்துக்குள் ஃப்ரிட்ஜில் வைத்து மூன்று நாளில் தீர்த்துவிட வேண்டும். கீரையை அன்றைக்கே முடித்துவிடுங்கள்.