ஊற்றுக்குழியும் மலேரியாவும்

இராமேசுவரம் தீவிலும் மண்டபம் கரையோரத்திலும் மணலைச் சில அடி தோண்டினாலே, கனத்த உவர்நீரின் மேல் தங்கி நிற்கும் மழைநீர் ஊறி வரும். குடிக்கவும் சவுக்கு, தென்னங்கன்றுகளுக்கு ஊற்றவும் தோண்டப்படும் இந்த ஊற்றுக்குழிகளும் மூடாத கிணறுகளும், மலேரியாவைப் பரப்புவதும் சாக்கடையை அவ்வளவாக நாடாததுமான அனாபிலிஸ் கொசுவுக்கு ஏற்ற இடங்கள். குழியை எட்டிப் பார்த்தால், நீர்மட்டத்தோடு ஒட்டிப் படுத்தாற்போல் கிடப்பது அனாபிலிஸின் புழு. தலைகீழாகத் தொங்குபவை வேறு கொசுக்களுடையவை.

நோயாளியைக் கடித்த பெண் கொசு உடனே அடுத்தவருக்கு மலேரியாவைக் கொடுத்துவிட முடியாது. நோயை உண்டாக்கும் ஒட்டுண்ணி கொசுவின் குடற்சுவரில் முடிச்சாகத் தங்கிப் பெருகி, உமிழ்நீர்ச் சுரப்பியை அடைய, நம் வெப்பத்தில் ஏறத்தாழ 10 நாள் பிடிக்கும். 1897-இல் செகந்தராபாத்தில் மருத்துவர் ரொனால்டு ராஸ் கண்டது அந்த முடிச்சைத்தான். ரத்தம் குடித்தபின் சுவரில் அமரும் கொசுவை அந்த 10 நாளுக்குள் கொல்வதற்காகவே வீட்டுச் சுவர்களில் மருந்து தெளிக்கிறார்கள். சாமி அறைக்கு வேண்டாம் என்று சொன்னால், அந்த அறையைக் கொசுவுக்கு ஒதுக்கிக் கொடுத்ததாகவே பொருள்.

மனித உடலில் ஒட்டுண்ணி முதலில் கல்லீரலுக்குள் புகுகிறது. பெரும்பாலும் இரண்டு வாரத்துக்குள் ரத்தச் சிவப்பணுக்களை உடைக்கத் தொடங்கும்போது, உடல் உதறும் குளிர், கடுங்காய்ச்சல், பிறகு வியர்வை என்று முறை வைத்து வரும். தலைவலியும் வாந்தியும் சேரலாம். தொடக்க நாள்களில் இந்த முறை தெளிவாகத் தெரியாமலும் இருக்கும்.

மலேரியா ஒட்டுண்ணிகளில் வைவாக்ஸ் வகையின் சூழ்ச்சி வேறு. அதில் ஒரு பகுதி கல்லீரலிலேயே உறங்கிக் கிடந்து, பல மாதம் கழித்து, புதிதாகக் கொசு கடிக்காமலேயே காய்ச்சலைத் திரும்ப எழுப்பும். குளோரோகுயின் 3 நாளில் ரத்தத்தில் இருப்பதைக் கொல்லும். உறங்குவதை அழிக்கப் பிரைமாக்குயினை வழக்கமாக 14 நாள் விழுங்க வேண்டும். காய்ச்சல் விட்டதும் மாத்திரையைப் பாதியில் வைத்துவிட்டு வேறு கரைக்குத் தொழிலுக்குப் போகும் மீனவர், தம்மோடு ஒட்டுண்ணியையும் கொண்டு செல்கிறார். கர்ப்பிணிகளுக்குப் பிரைமாக்குயின் கூடாது. மருத்துவர் சொல்லாமல் அதை யாரும் எடுக்கவும் கூடாது.

பால்சிபாரம் வகை மூளையையும் சிறுநீரகத்தையும் தாக்கக்கூடியது என்பதால், பிதற்றல், வலிப்பு, மஞ்சட்காமாலை, கறுத்த சிறுநீர் ஆகியவற்றில் எது தென்பட்டாலும் அன்றே மருத்துவமனை சேர்க்க வேண்டும்.

முட்டை கொசுவாவதற்கு ஒரு வாரத்துக்கு மேல் ஆவதால், தொட்டியை வாரம் ஒருமுறை கவிழ்த்துக் காயவைப்பது போதும். இறைக்க முடியாத கிணற்றுக்கு வலைமூடியோ, கொசுப்புழுவைத் தின்னும் கம்பூசியா மீனோ உதவும். இக்கொசு இரவில் கடிப்பது. கரையில் படுப்பவருக்கும் கொசுவலை தேவை. வெளியூர்க் கடலிலிருந்து திரும்பியவருக்குக் காய்ச்சல் கண்டால், எங்கே தங்கியிருந்தார் என்பதைச் சொல்லி, ஆரம்ப சுகாதார நிலையத்தில் அன்றைக்கே ரத்தம் பார்த்துவிட வேண்டும்.