புது வீட்டில் பழைய கதவைத் தேடும் கால்கள்

திருகோணமலைக் கோட்டைக்குக் கிட்ட இருந்த வீட்டை விட்டு உப்புவெளிக்கு மாறி மூன்றாம் இரவு. ஆறு வயது மகள் பாயை விட்டு எழும்பினாள், வலப்பக்கம் திரும்பினாள், ஆறு அடி நடந்து சுவரில் முட்டினாள். பழைய வீட்டில் அந்த ஆறாவது அடியில்தான் கழிவறைக் கதவு. அவள் அழவில்லை. இரண்டு கையாலும் சுவரைத் தடவியபடி, "அம்மா, கதவு எங்க?" என்றாள்.

பகலில் கேட்டால் குசினி எது, கிணற்றடி எது என்று சரியாகக் காட்டுகிற பிள்ளை. இரவில் மட்டும் ஏன் தடுமாறினாள்?

மூளை ஓர் இடத்தை இரண்டு விதமாகப் பழகி வைக்கிறது. ஒன்று கால் பழக்கம். எழும்பு, திரும்பு, நட என்று நூற்றுக்கணக்கான இரவுகள் செய்ததை, மூளையின் ஆழத்தில் உள்ள ஸ்ட்ரயேட்டம் என்ற பகுதி யோசனை இல்லாமலே நடத்தி முடித்துவிடும். மற்றது வரைபடம். அதை வரைவது ஹிப்போகாம்பஸ். காதுக்கு நேரே உள்ளே, கடற்குதிரை மாதிரி வளைந்து கிடக்கும். அரைத்தூக்கத்தில் கால் பழக்கம் முந்திக்கொண்டது. வரைபடமோ இன்னும் பாதிதான் வரைந்திருந்தது.

வரைபடம் என்பது வெறும் உவமை இல்லை. 1971இல் ஜான் ஓ'கீஃப், எலியின் ஹிப்போகாம்பஸில் விசித்திரமான நரம்பணுக்களைக் கண்டார். எலி ஒரு மூலைக்குப் போனால் ஓர் அணு துடிக்கும், அடுத்த மூலைக்குப் போனால் வேறொன்று துடிக்கும். பின்னர் 2005இல் மே-பிரிட் மோசரும் எட்வர்ட் மோசரும் குழுவினரும், தேன்கூட்டு அறைகள் போன்ற கட்டங்களாக இடத்தை அளந்து வைக்கும் அணுக்களைக் காட்டினார்கள். மூவருக்கும் 2014இல் நோபல் பரிசு கிடைத்தது.

எலியை வேறு பெட்டிக்கு மாற்றினால் அதே அணுக்கள் புது ஒழுங்கில் துடிக்கத் தொடங்கும். பழைய பெட்டியில் திரும்ப விட்டால் பழைய ஒழுங்கு அப்படியே வந்துவிடும், அழிந்துபோவதில்லை. இதைப் படித்தபோது எனக்குச் சம்பூர் உறவினர் ஒருவர் ஞாபகம் வந்தார். 2006இல் போரால் இடம்பெயர்ந்தவர், கிட்டத்தட்டப் பத்து வருடம் கழித்துத் திரும்பினார். வீடு இல்லை, பற்றைக்காடுதான். நடுவில் போய் நின்று, "குசினி இங்க, படலை அங்க" என்று கையை நீட்டினார். அத்திவாரத்தைத் தோண்டிப் பார்த்தபோது கை நீட்டிய இடத்தில்தான் குசினிக் கல் இருந்தது. ஆகவே, பழைய வீட்டைப் பற்றிப் பேசினால் பிள்ளை ஏங்கிப்போகும் என்று அந்தப் பேச்சையே வெட்டுவதில் எனக்கு உடன்பாடில்லை. பேசினாலும் பேசாவிட்டாலும் அந்த வீடு அதன் தலைக்குள் இருக்கிறது.

புது வரைபடம் வளர நடை வேண்டும். 1963இல் ரிச்சர்ட் ஹெல்டும் அலன் ஹைனும் செய்த சோதனையில், ஒரு பூனைக்குட்டி நடந்து சுற்றியது. இன்னொன்று கூடையில் இருந்தபடி அதே காட்சிகளைப் பார்த்தது. நடந்த குட்டி ஆழத்தைக் கண்டு காலை ஒழுங்காக வைத்தது, கூடைக்குட்டிக்கு அது வரவில்லை. அது பார்வையைப் பற்றிய சோதனைதான். ஆனாலும் தூக்கிக்கொண்டு போய்க் காட்டிய வீட்டுக்கும் தானே நடந்து பழகிய வீட்டுக்கும் உள்ள வித்தியாசத்தை அதன் பிறகு நான் மறக்கவில்லை. லொறியில் இருந்து சாமான் இறக்கும் அவசரத்தில், "தள்ளி நில், இடைஞ்சல்" என்று பிள்ளையை ஒரு மூலையில் இருத்துகிறோமே, அந்த நேரத்தில்தான் அது வீடு முழுக்கத் திரிய வேண்டும். அதன் புத்தகப் பெட்டியை அதுவே தூக்கிப் போய் அதுவே இடம் பார்த்து வைக்கட்டும். பிறகு லைட்டை அணைத்துவிட்டு, கையைப் பிடித்துக்கொண்டு பாயில் இருந்து கழிவறை வரை நான்கைந்து தடவை கூட நடங்கள். நாங்கள் நான்காம் நாள் அப்படித்தான் செய்தோம்.

இரவு இன்னொரு விதத்திலும் கடினம். "இடம் மாறினால் நித்திரை வராது" என்று எங்கள் வீடுகளில் சொல்வது உண்மைதான். 2016இல் அமெரிக்காவின் பிரவுண் பல்கலைக்கழகத்தில் பெரியவர்களை வைத்துப் பார்த்தார்கள். புது இடத்தில் முதல் இரவு மூளையின் இடது பாதி வலது பாதி அளவுக்கு ஆழ்ந்து தூங்கவில்லை, சின்னச் சத்தத்துக்கும் விழித்துக்கொண்டது. காவலுக்கு ஒரு பாதி. பெரியவர்களுக்கே இப்படி என்றால், கார்த்திகை மாதத்து இரைகிற கடலையும் கூரையில் விழும் தென்னோலையையும் முதன்முதலாகக் கேட்கிற பிள்ளை ஐந்து தடவை எழும்புவதற்கு ஏசக் கூடாது. நித்திரையில்தான் ஹிப்போகாம்பஸ் பகலில் நடந்த வழிகளைத் திரும்ப ஓட்டிப் பார்த்துப் பதிய வைக்கிறது. அதனால் தூங்கும் நேரத்தை மட்டும் பழைய வீட்டில் இருந்தபடியே வைத்திருங்கள்.

அப்புறம், தலையணை உறையைத் துவைக்காதீர்கள். மற்றப் புலன்களின் செய்தி தலமஸ் என்ற இடைத்தரிப்பில் நின்றுதான் போகும். மணமோ மூக்கில் இருந்து, பயத்தையும் ஞாபகத்தையும் பார்க்கிற பகுதிகளுக்குக் கிட்டத்தட்ட நேராகப் போய்விடும். வீடு குடிபூரலுக்கென்று எல்லாவற்றையும் புதிதாக வாங்கி விரித்தால் அந்தப் பழைய மணம் போய்விடும். அம்மம்மாவின் பழைய சேலையை மகளுக்குப் போர்த்திவிட்டேன், எந்தப் புதுப் போர்வையையும் விட அதுதான் உதவியது.

விரல் சூப்புவது, படுக்கையில் நனைப்பது போன்ற விட்டுப்போன பழக்கங்கள் சில கிழமைக்குத் திரும்பி வரலாம். மாதக்கணக்கில் நீடித்தாலோ சாப்பாடும் விளையாட்டும் குறைந்தாலோ வைத்தியரிடம் காட்டுங்கள்.

போன சனிக்கிழமை மகளைப் பழைய ஒழுங்கைக்குக் கூட்டிப் போனேன். கோட்டைப் பக்கத்து மான்கள் இரண்டு படலையடியில் நின்றன. வாழைப்பழத் தோல் போடுகிற கல் எது என்று அவள் ஓடிப்போய்க் காட்டினாள். திரும்பி வரும்போது ஓட்டோக்காரருக்கு உப்புவெளி வீட்டுக்கு எந்தச் சந்தியில் திரும்புவது என்று அவளே சொன்னாள்.