காற்றறை நிரம்பாமல் கிருமியைக் கொல்வது: நுரையீரலின் தற்காப்பு

காலில் முள் குத்திச் சீழ் பிடித்தால் அந்த இடம் சிவந்து வீங்கும். ரத்தக் குழாய்கள் தளர்ந்து, நீரும் புரதமும் வெள்ளையணுக்களும் வெளியே கசிந்து கிருமியைச் சூழ்வதால் வரும் வீக்கம் அது. சில நாள் நொண்டி நடந்தால் சரியாகிவிடும். அதே கசிவு நுரையீரல் முழுக்க நடந்தால் மூச்சே நின்றுபோகும். அங்கே காற்றுக்கும் ரத்தத்துக்கும் நடுவில் உள்ள சுவர், மெல்லிய இடங்களில் அரை மைக்ரான் அளவுதான்; தலைமுடியின் தடிமனில் நூறில் ஒரு பங்குகூட வராது. அவ்வளவு மெல்லியதாக இருப்பதால்தான் ஆக்சிஜன் கடக்கிறது. அதைத் தடிக்கவைப்பது கிருமியாக இருந்தாலும் சரி, கிருமியைக் கொல்ல வந்த வெள்ளையணுவாக இருந்தாலும் சரி, விளைவு ஒன்றுதான். நுரையீரல் தொற்று குறித்த ஆராய்ச்சியின் பெரும்பகுதி இந்தச் சிக்கலைச் சுற்றியே நடக்கிறது. வீக்கமே இல்லாமல் உடல் எப்படிக் கிருமியை அகற்றுகிறது? அது முடியாமல் போகும்போது வீக்கத்தை எப்போது, எந்த அளவுக்கு அடக்கலாம்?

பெரியவர் ஒருவர் நாளொன்றுக்குச் சுமார் 10,000 லிட்டர் காற்றை உள்ளிழுக்கிறார். அது மூச்சுக்குழாயில் தொடங்கி 23 முறை கிளைபிரிந்து, 0.2 மில்லிமீட்டர் அகலமுள்ள காற்றறைகளில் போய் முடிகிறது. இரண்டு நுரையீரலிலும் சேர்த்து அப்படிச் சுமார் 48 கோடி அறைகள் உண்டு. ஆளுக்கு ஆள் இந்த எண்ணிக்கை நிறையவே மாறும். காற்றோடு வரும் துகள் எங்கே போய் ஒட்டும் என்பதை அதன் அளவு தீர்மானிக்கிறது. 10 மைக்ரானுக்கு மேற்பட்டவை மூக்கிலும் தொண்டையிலும் நின்றுவிடும். 1 முதல் 5 மைக்ரான் வரையிலானவை ஆழமாக இறங்கும். காசநோயாளி இருமும்போது காற்றில் மிதக்கும் நுண்துளிகள் இந்த அளவுதான். நெபுலைசர் கருவியும் மருந்தை இதே அளவுத் துளிகளாக உடைத்துத் தரும்படிதான் வடிவமைக்கப்படுகிறது. கிருமி போகும் வழியில்தான் மருந்தும் போயாக வேண்டும்.

கிளைக்குழாய்களில் முதல் காவல் சளிப்படலம். சளி என்றாலே நோய் என்று நினைக்கிறோம்; நலமாக இருப்பவரிடமும் அது இடைவிடாமல் சுரக்கிறது. குழாயின் உட்சுவரில் உள்ள ஒவ்வொரு குறுயிழை செல்லிலும் சுமார் 200 இழைகள் இருக்கும். ஒவ்வொன்றும் சுமார் 7 மைக்ரான் நீளம். நொடிக்குப் பத்து முறைக்கு மேல் அடிக்கும். இழைகள் நீர்த்த ஒரு திரவ அடுக்கில் நின்றுகொண்டு, அதன்மேல் மிதக்கும் பிசுபிசுப்பான சளியை நுனியால் மட்டும் தொட்டுத் தள்ளுகின்றன. மூச்சுக்குழாயில் அந்தச் சளி நிமிடத்துக்குச் சில மில்லிமீட்டர் மேலேறி, தொண்டையை அடைந்ததும் நமக்குத் தெரியாமலே விழுங்கப்பட்டு, வயிற்று அமிலத்தில் அழிகிறது.

இந்த ஏற்பாட்டின் உயிர்நாடி அடியிலுள்ள நீர் அடுக்கு. அதன் உயரம் இழையின் உயரத்துக்குச் சமமாக இருந்தாக வேண்டும். வற்றினால் சளி இழைகளின்மேல் படிந்து, அவற்றை மடக்கி அழுத்திவிடும். சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் நோயில் நடப்பது இதுதான். 1989-இல் கண்டறியப்பட்ட அதன் மரபணு, செல்லிலிருந்து குளோரைடை வெளியேற்றும் வாயிலைக் கட்டுகிறது. வாயில் பழுதானால் உப்பும் வராது, உப்பைப் பின்தொடரும் நீரும் வராது. சளி அசையாமல் கிடக்க, அதில் சூடோமோனாஸ் பாக்டீரியா ஆண்டுக்கணக்கில் குடியேறுகிறது. அடர்த்தியான உப்புநீரை நெபுலைசரில் கொடுப்பதன் காரணமும் இதுவே. உப்பு தன்னோடு நீரை இழுத்து வந்து அந்த அடுக்கை மீண்டும் உயர்த்தும். புகைப்பிடிப்பது இழைகளின் அசைவைக் கெடுக்கிறது. இன்ஃப்ளூயன்சா வைரஸோ இழை செல்களையே உரித்துவிடுகிறது. 1918 பெருந்தொற்றில் இறந்தவர்களின் பாதுகாக்கப்பட்ட நுரையீரல் திசுக்களைப் பல ஆண்டுகள் கழித்து ஆராய்ந்தபோது, வைரஸ் திறந்துவிட்ட வழியில் நுழைந்த பாக்டீரியா நிமோனியாவின் அடையாளங்கள் பெரும்பாலானவற்றில் இருந்தன.

காற்றறைகளில் குறுயிழைகள் கிடையாது. அங்கே காவல் முழுவதும் மேக்ரோஃபேஜ் என்ற பெருவிழுங்கு செல்லின் பொறுப்பு. வந்த துகளை விழுங்கிச் செரித்து, யாரையும் உதவிக்கு அழைக்காமல் முடித்துவிடுவது இதன் வேலை. 2020-இல், உயிருள்ள எலியின் நுரையீரலை நுண்ணோக்கியில் நேரடியாகப் பார்த்த கனடிய ஆய்வாளர்கள் இதை விளக்கமாகக் காட்டினார்கள். மூன்று காற்றறைகளுக்குச் சுமார் ஒரு மேக்ரோஃபேஜ்தான் இருந்தது. அது ஓரிடத்தில் நிற்கவில்லை. அறைகளுக்கு இடையிலுள்ள நுண்துளைகள் வழியே ஊர்ந்து சென்று பாக்டீரியாவைப் பிடித்தது. அந்த ஊர்தலைத் தடுத்ததும், சாதாரணமாகக் கவனிக்கப்படாமலே போகும் அளவு பாக்டீரியாவுக்குக்கூட நியூட்ரோபில் என்ற வெள்ளையணுக்கள் திரண்டு வந்து அழற்சியை, அதாவது அந்த வீக்கத்தை, கிளப்பின. இன்ஃப்ளூயன்சா தொற்றிய எலியிலும் ஊர்தல் பழுதுபட்டிருந்தது. என்னைக் கேட்டால், இந்தத் துறையில் அண்மையில் வந்த மிக முக்கியமான காட்சிகளில் இது ஒன்று. நாம் நோயில்லாமல் இருக்கும் நாள்களில் கிருமி வரவில்லை என்று பொருளல்ல, வந்தது சத்தமில்லாமல் அகற்றப்பட்டது என்பதை அது கண்ணெதிரே காட்டுகிறது.

மேக்ரோஃபேஜுக்கு இன்னொரு வேலையும் உண்டு. காற்றறைகள் சுருங்கி ஒட்டிக்கொள்ளாமல் காக்கும் சர்ஃபேக்டன்ட் என்ற கொழுப்புப் படலம் தொடர்ந்து சுரக்கிறது. பழையதை இந்தச் செல்தான் தின்று அகற்ற வேண்டும். அதற்குப் பக்குவப்பட ஜிஎம்-சிஎஸ்எஃப் என்ற புரதத்தின் தூண்டல் தேவை. 1994-இல் அந்தப் புரதமில்லாத எலிகளை உருவாக்கியவர்கள் ரத்த அணுக்கள் குறையும் என்றுதான் எதிர்பார்த்தார்கள். ரத்தத்தில் பெரிய மாற்றம் எதுவுமில்லை. நுரையீரல்தான் சர்ஃபேக்டன்டால் நிரம்பிக் கிடந்தது. மனிதர்களில் அரிதாகக் காணப்படும் இதே நோய்க்குக் காரணம், பெரும்பாலும் உடலே அந்தப் புரதத்துக்கு எதிராக உண்டாக்கும் எதிர்ப்பொருள் என்பது பிறகு தெரிந்தது. சிகிச்சை நேரடியானது. நோயாளியை மயக்கத்தில் வைத்து, ஒரு நுரையீரலை வென்டிலேட்டரில் இயக்கிக்கொண்டே, மற்றதில் உடல் வெப்பத்துக்குச் சூடாக்கிய உப்புநீரை லிட்டர் லிட்டராக ஊற்றி வடிக்கிறார்கள். முதலில் பால்போல வெளுப்பாக வரும் நீர் தெளியும்வரை, பல லிட்டர் செலவாகும்.

கிருமி அதிகமாக வந்தாலோ, மேக்ரோஃபேஜிடம் பிடிபடாத வகையாக இருந்தாலோ, அழைப்பு விடுக்காமல் வேறு வழியில்லை. மேக்ரோஃபேஜும் காற்றறைச் சுவர் செல்களும் இன்டர்லியூக்கின்-1, இன்டர்லியூக்கின்-8, டிஎன்எஃப் போன்ற தகவல் புரதங்களைச் சுரக்கின்றன. எலும்பு மஜ்ஜை நாளொன்றுக்குச் சுமார் பத்தாயிரம் கோடி நியூட்ரோபில்களை உற்பத்தி செய்கிறது. அவற்றில் கணிசமானவை எப்போதும் நுரையீரல் தந்துகிகளில்தான் தங்கியிருக்கும். நியூட்ரோபில்லின் விட்டம் 7 மைக்ரானுக்கு மேல். தந்துகியோ பல இடங்களில் அதைவிடக் குறுகல். ஆகவே ஒவ்வொரு முறையும் நீண்டு, நெளிந்து, மெதுவாகத்தான் அது கடக்க முடியும். அழைப்பு வந்ததும் செல் விறைத்து, தந்துகியிலேயே சிக்கி, அங்கிருந்தே காற்றறைக்குள் நுழைகிறது. உடலின் மற்ற இடங்களில் சிறு நாளங்களின் சுவரில் உருண்டு, ஒட்டி, பிறகு வெளியேறும் முறைக்கு இது மாறானது. உள்ளே வந்தபின் கிருமியை விழுங்கும், நச்சு ஆக்சிஜன் மூலக்கூறுகளையும் புரதம் அரிக்கும் நொதிகளையும் கொட்டும், தன் டிஎன்ஏவையே வலையாக வீசும். இந்த ஆயுதங்களுக்குக் கிருமி எது, நுரையீரல் சுவர் எது என்று பிரித்துப் பார்க்கத் தெரியாது.

சளி பச்சையாக வருவது நியூட்ரோபில்லில் உள்ள மையலோபெராக்சிடேஸ் என்ற நொதியால்தான். அந்த நொதியின் நிறமே பச்சை. எனவே பச்சைச் சளி, வெள்ளையணுக்கள் பெருமளவில் வந்திருப்பதைச் சொல்லும். வந்திருப்பது பாக்டீரியாவா வைரஸா என்று சொல்லாது. நிறத்தை மட்டும் பார்த்து ஆன்டிபயாட்டிக் தொடங்குவது தவறாவது இதனால்தான்.

நியூமோகாக்கஸ் பாக்டீரியா உண்டாக்கும் நிமோனியாவில் இவையெல்லாம் வரிசையாக நடப்பதைப் பார்க்கலாம். முதல் ஓரிரு நாளில் தந்துகிகள் புடைத்துக் காற்றறைகளில் நீர் இறங்குகிறது. அடுத்து சிவப்பணு, நியூட்ரோபில், ரத்தத்தை உறையவைக்கும் ஃபைப்ரின் புரத இழைகள் எல்லாம் நிறைந்து, நுரையீரலின் ஒரு மடல் ஈரலைப் போலக் கெட்டியாகிச் சிவக்கிறது. பிறகு சிவப்பணுக்கள் சிதைந்து சாம்பல் நிறமாகிறது. கடைசியில் மேக்ரோஃபேஜ்கள் திரும்பி வந்து, செத்த நியூட்ரோபில்களையும் கழிவையும் விழுங்கி அகற்றுகின்றன. எக்ஸ்-ரேயில் வெள்ளையாகத் தெரியும் பகுதி இந்த நிரம்பிய அறைகள்தான். அவற்றைச் சுற்றி ரத்தம் ஓடிக்கொண்டே இருக்கும், ஆனால் ஆக்சிஜன் ஏறாது. முகமூடியில் எவ்வளவு ஆக்சிஜன் கொடுத்தாலும் காற்றே புகாத அறைக்கு அது போய்ச் சேராததால், பாதிப்பு பரவிய நோயாளியின் ரத்த ஆக்சிஜன் அளவு எதிர்பார்த்தபடி உயருவதில்லை. காய்ச்சல் சில நாளில் தணிந்தாலும் எக்ஸ்-ரே நிழல் மறைய ஆறு வாரம்கூட ஆகலாம். கழிவகற்றும் வேலை அவ்வளவு மெதுவானது. ஒரு வாரத்தில் மறுபடி படம் எடுத்துவிட்டு நோய் குறையவில்லை என்று பதறத் தேவையில்லை.

நியூமோகாக்கஸுக்கு இந்த வலிமை அதன் சர்க்கரை உறையால் வருகிறது. உறை வழுக்கலானது, எதிர்ப்பொருள் ஒட்டாத பாக்டீரியாவை நியூட்ரோபில்லால் சரியாகப் பற்ற முடியாது. ஆன்டிபயாட்டிக் இல்லாத காலத்தில் ஏழு முதல் பத்து நாள் கடும் காய்ச்சலுக்குப் பின், பிழைப்பவர்களுக்கு ஒரே இரவில் வியர்த்துக் காய்ச்சல் இறங்கும். உறைக்கு எதிரான எதிர்ப்பொருள் ரத்தத்தில் போதிய அளவு சேரும் நேரம் அது. தடுப்பூசி அந்த ஒரு வாரத் தாமதத்தை இல்லாமல் ஆக்குகிறது. ஆனால் வெறும் சர்க்கரையை ஊசியாகப் போட்டால் இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளின் உடல் சரியாக எதிர்வினையாற்றாது. எதிர்ப்பொருள் உருவாக உதவும் டி செல்கள் என்ற வெள்ளையணுக்கள் அடையாளம் காணப் புரதம் வேண்டும். அதனால்தான் சர்க்கரையைப் புரதத்தோடு பிணைத்த தடுப்பூசி, 7 உறை வகைகளுக்கு எதிராக, 2000-இல் வந்தது.

காசநோய்க் கிருமியின் வழி வேறு. அது மேக்ரோஃபேஜிடமிருந்து தப்பி ஓடுவதில்லை. உள்ளே போய், தன்னை அடைத்த பை செரிமான நொதிகளுள்ள பையோடு இணையாமல் தடுத்து, அங்கேயே வாழ்கிறது. உடல் அதைச் சுற்றிச் செல்களால் ஒரு முடிச்சைக் கட்டி அடைத்து வைக்கிறது. அந்த முடிச்சு கலையாமல் இருக்க டிஎன்எஃப் தேவை. மூட்டு அழற்சிக்கு டிஎன்எஃப்பைத் தடுக்கும் மருந்து எடுத்தவர்கள் சிலருக்கு, உறங்கிக் கிடந்த காசநோய் கிளம்பியது 2001-இல் பதிவானது. அதன்பின் அம்மருந்தைத் தொடங்குமுன் மறைந்திருக்கும் காசநோய்க்குச் சோதிப்பது நடைமுறையானது.

அப்படியானால் அழற்சியை எப்போது அடக்கலாம்? கோவிட் இதற்குத் தெளிவான எண்களைத் தந்தது. தொடக்க நாள்களில் வைரஸ் பெருகுவதைத் தடுப்பது உடல் சுரக்கும் இன்டர்ஃபெரான் என்ற புரதம். உயிருக்கு ஆபத்தான நிலையை அடைந்த 987 நோயாளிகளை 2020-இல் ஆராய்ந்தபோது, 101 பேரின் ரத்தத்தில் சொந்த இன்டர்ஃபெரானையே முடக்கும் எதிர்ப்பொருள் இருந்தது. அவர்களுக்குக் குறை, தொடக்கத்தில் போதிய எதிர்ப்பு எழாததுதான். பிந்தைய கட்டத்தில் நிலைமை தலைகீழ். பிரிட்டனின் ரெகவரி ஆய்வில் அழற்சியை அடக்கும் ஸ்டீராய்டு மருந்தான டெக்சாமெத்தசோன் நாளுக்கு 6 மில்லிகிராம், அதிகபட்சம் 10 நாள் கொடுக்கப்பட்டது. வென்டிலேட்டரில் இருந்தவர்களின் இறப்பு 41.4 விழுக்காட்டிலிருந்து 29.3-ஆகவும், ஆக்சிஜன் மட்டும் தேவைப்பட்டவர்களிடம் 26.2-இலிருந்து 23.3-ஆகவும் குறைந்தது. ஆக்சிஜனே தேவைப்படாதவர்களுக்குப் பயனில்லை, இறப்பு 14.0-க்கு எதிராக 17.8 என்று, கெடுதல் பக்கமே சாய்ந்தது. ஒரே மருந்து, ஒரே அளவு, ஒரே நோய். மாறியது கட்டம் மட்டும்தான். 2023-இல் வெளியான பிரெஞ்சு ஆய்வொன்றில், கடும் நிமோனியாவுக்கு ஹைட்ரோகார்ட்டிசோன் என்ற இன்னொரு ஸ்டீராய்டைக் கொடுத்தபோது 28 நாள் இறப்பு 11.9 விழுக்காட்டிலிருந்து 6.2-ஆகக் குறைந்தது. இன்ஃப்ளூயன்சா நிமோனியா உள்ளவர்களை அதில் சேர்க்கவே இல்லை. அந்த நோயில் ஸ்டீராய்டு கெடுதல் செய்யலாம் என்ற ஐயம் உண்டு.

மருந்தே இல்லாமலும் அழற்சி குறையும். 2000-இல் 861 நோயாளிகளிடம் நடந்த அமெரிக்க ஆய்வில், வென்டிலேட்டர் மூச்சின் அளவைக் கிலோவுக்கு 12 மில்லிலிட்டரிலிருந்து 6-ஆகக் குறைத்ததும் இறப்பு 39.8 விழுக்காட்டிலிருந்து 31-க்கு இறங்கியது. பெரிய மூச்சு, நிரம்பாமல் மிஞ்சிய அறைகளை அளவுக்கு மீறி விரித்துப் புதிய அழற்சியைத் தூண்டுகிறது. இந்தக் கணக்கில் கிலோ என்பது நோயாளியின் உண்மையான எடையல்ல. உயரத்தையும் பாலினத்தையும் வைத்துக் கணக்கிடும் எடை. உடல் பருத்தாலும் நுரையீரல் பெரிதாவதில்லை. படுக்கையில் எடை பார்த்து எண்ணைப் போட்டுவிடுவது இன்றும் நேரும் பிழை.

எந்த நோயாளி எந்தக் கட்டத்தில் இருக்கிறார் என்பதை ரத்தப் பரிசோதனை முழுமையாகச் சொல்லாது. காற்றறைக்குள் இருப்பதையே எடுத்துப் பார்க்க வேண்டும். நுரையீரலுக்குள் செலுத்தும் பிராங்கோஸ்கோப் என்ற கேமராக் குழாயின் நுனியைச் சிறு கிளைக்குழாயில் பொருத்தி, மொத்தம் 100 முதல் 300 மில்லிலிட்டர் உப்புநீரைச் சில தவணைகளாகச் செலுத்தி, உடனே மெதுவாக உறிஞ்சுகிறார்கள். வேகமாக உறிஞ்சினால் குழாய் ஒட்டிக்கொண்டு நீர் திரும்பாது. புகைப்பழக்கமில்லாத நலமான ஒருவரின் நீரில் 85 விழுக்காட்டுக்கு மேல் மேக்ரோஃபேஜ், நியூட்ரோபில் 3 விழுக்காட்டுக்குள். கடும் நிமோனியாவில் இது புரண்டுபோய், நியூட்ரோபில்களே பெரும்பான்மையாகிவிடும். செல் விகிதத்தை அப்படியே படிக்கலாம். தகவல் புரதங்களின் அளவில்தான் சிக்கல்: காற்றறைத் திரவம் எத்தனை மடங்கு நீர்த்தது என்பது ஒவ்வொரு முறையும் மாறும். யூரியா ரத்தத்திலிருந்து காற்றறைக்குத் தடையின்றிக் கடப்பதால் இரு பக்கமும் ஏறத்தாழ ஒரே அளவில் இருக்கும். ரத்த யூரியாவை எடுத்த நீரிலுள்ள யூரியாவால் வகுத்தால் நீர்த்த மடங்கு கிடைக்கும். உப்புநீர் உள்ளே நீண்ட நேரம் தங்கினால் ரத்தத்திலிருந்து கூடுதல் யூரியா புகுந்து இந்தக் கணக்கும் கெடும். செலுத்தியதும் தாமதிக்காமல் உறிஞ்ச வேண்டும் என்பதற்கு இதுவும் ஒரு காரணம்.