படாடோபம் என்பது ஆடம்பரம் அன்று

‘கோடீஸ்வரர் வீட்டுப் படாடோபத் திருமணம்’ என்று செய்தி ஏடுகள் எழுதுவதும், படாடோபத்துக்குத் தமிழ் என்ன என்று கேட்டால் ‘ஆடம்பரம்’ என்று உடனே விடை சொல்வதும் இன்று வழக்கமாகிவிட்டன. இரண்டும் பிழை.

படாடோபம் வடசொல். பாம்பின் படத்தைக் குறிக்கும் சொல்லும், பொங்கிப் பருத்தல் என்னும் பொருளுடைய ‘ஆடோபம்’ என்பதும் புணர்ந்து பிறந்தது. நாகம் படம் விரித்து நிற்பதே நேர்பொருள். நஞ்சில்லாத பாம்பும் படத்தைப் பெரிதாக விரிக்க வேண்டும், நஞ்சு இருந்தாலும் இல்லாவிட்டாலும் படாடோபம் அச்சம் தரும் என்கிறது பஞ்சதந்திரச் சுலோகம் ஒன்று. இச்சொல்லின் உயிர் அங்கேதான் இருக்கிறது. உள்ளே சரக்கு உண்டா என்பது ஐயம். வெளித்தோற்றம் மட்டும் பெரிது. (பேச்சு வழக்கிலுள்ள ‘படம் காட்டுதல்’ இதிலிருந்து வந்ததென்று கருதத் தோன்றும். அதே பொருளில் ‘ஃபிலிம் காட்டுதல்’ என்றும் சொல்வதால், அதைத் திரைப்படத்தின் வழி வந்ததாகக் கொள்வதே பொருத்தம்.)

ஆடம்பரமும் வடசொல்லே. பெருமுரசையும் அதன் முழக்கத்தையும் குறித்த சொல் அது. ஒரு வடசொல்லை எடுத்துவிட்டு மற்றொன்றை வைப்பதைத் தமிழாக்கம் என்று எப்படி ஏற்பது? அதைவிடப் பெரிய குறை பொருளில் இருக்கிறது. இன்றைய தமிழில் ஆடம்பரம் என்பது தேவைக்கு மேற்பட்ட, ஆனால் உண்மையான செலவு. தங்கும் விடுதிகளின் வாடகை மீது விதிக்கப்பட்டு, 2017இல் சரக்கு மற்றும் சேவை வரிக்குள் அடங்கிய வரிக்கு ‘ஆடம்பர வரி’ என்று பெயர்; அதைப் படாடோப வரி என்று மாற்றிப் பாருங்கள், பொருள் குலைந்துவிடும். செல்வர் தம் பணத்தில் நடத்தும் பெருந்திருமணம் ஆடம்பரம்; வட்டிக்குக் கடன் வாங்கி, இல்லாத செல்வத்தை இருப்பதாகக் காட்ட நடத்தும் திருமணமே படாடோபம். இந்த வேறுபாட்டை உணர்ந்த சிலர் ‘போலி ஆடம்பரம்’ என்று எழுதுகிறார்கள். ஆடம்பரம் தனியே நின்று அப்பொருளைத் தராது என்பதை அந்த அடைமொழியே ஒப்புக்கொள்கிறது. ‘ஆரவாரம்’ நல்ல தமிழ்ச்சொல்தான். ஆனால் அது ஓசையைப் பற்றியது, படாடோபமோ கண்ணுக்கானது.

பொருந்தும் சொல் பகட்டு. கண்கூசும்படி மினுக்குவதும், தோற்றத்தால் பிறரை மருட்டுவதும் பகட்டுதல். படம் விரித்த பாம்பு செய்வதும் அதுதான். பகட்டினான், பகட்டான, பகட்டாக என எல்லா வடிவங்களிலும் இடறாமல் வரும். வெறுமையை அழுத்திச் சொல்ல வேண்டுமானால் ‘வெற்றுப் பகட்டு’ என்னலாம்.

ஒழுக்கத்தில் போலி செய்வதற்கு மட்டும் பகட்டு ஆகாது. அதற்குக் கூடாவொழுக்கம் என்று ஓர் அதிகாரமே வகுத்த வள்ளுவர் ‘படிற்றொழுக்கம்’ என்ற சொல்லைத் தந்திருக்கிறார். புலித்தோல் போர்த்து மேயும் பசு அந்த அதிகாரத்தில்தான் வருகிறது. பாசாங்கு, வெளிவேடம், மாய்மாலம் ஆகியவையும் இந்தப் பக்கத்துச் சொற்களே.

இத்தனை சொற்கள் இருந்தும், அகராதியில் முதலில் நிற்பதை எடுத்து ஒட்டிவிடும் மொழிபெயர்ப்பாளர்களே எனக்கு வருத்தம் தருகிறார்கள். கடனில் மூழ்கிய குமாஸ்தா ‘ஆடம்பரமாக வாழ்ந்தான்’ என்று அவர்கள் எழுதினால், அவனிடம் பணம் இருந்ததா இல்லையா என்பதே வாசகருக்கு விளங்காமல் போகிறது.