உங்கள் ஏழாம் நம்பர் அயர்ன் எத்தனை டிகிரி?

மூணாறில் கோல்ஃப் கற்றுக்கொடுக்கிறேன். கூடவே அயர்ன்களின் (பந்தை அடிக்கும் இரும்புத்தலை மட்டைகளின்) சாய்வை அளந்து திருத்தும் வேலையும் உண்டு. புது செட் வாங்கியவர்கள் பெரும்பாலும் முதலில் சொல்வது இதுதான்: "மாஸ்டர், ஏழாம் நம்பர்ல இருபது யார்டு கூடப் போகுது!" கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. அந்த இருபது யார்டு எங்கிருந்து வந்தது என்று தெரியாமலே அடுத்தடுத்து வாங்குவதில்தான் சிக்கல்.

அயர்னின் முகம் எவ்வளவு சாய்ந்திருக்கிறதோ அதுதான் லாஃப்ட். நம்பர் கூடக் கூடச் சாய்வும் கூடும். சாய்வு கூடினால் பந்து உயர எழும்பும், தூரம் குறையும், விழுந்த இடத்தில் சீக்கிரம் நிற்கும். சாய்வு குறைந்தால் தாழ்வாகப் பறந்து தூரமாகப் போகும். 1960, 70-களில் வந்த செட்களில் ஏழாம் நம்பர் ஏறக்குறைய 38 முதல் 40 டிகிரி, அதைவிடச் சாய்வு கூடிய குட்டை அயர்னான பிட்சிங் வெட்ஜ் 50 முதல் 52. இன்று புதிதாக ஆடுபவர்களுக்கென்று விற்கும் செட்களில் பலவற்றில் ஏழாம் நம்பர் 28 முதல் 30, பிட்சிங் வெட்ஜ் 43 அல்லது 44. அதாவது, இன்றைய ஏழாம் நம்பர் அன்றைய ஐந்தாம் நம்பர். சில செட்களில் நான்காம் நம்பரே. ஷாஃப்டும் (மட்டையின் தண்டும்) அரை அங்குலம் போல நீண்டிருக்கிறது. பேக்கில் 14 கிளப்புக்கு (மட்டைக்கு) மேல் வைக்கக்கூடாது என்று விதி இருக்கிறது. ஏழு என்று பொறித்த அயர்ன் இத்தனை டிகிரிதான் இருக்க வேண்டும் என்று எந்த விதியும் இல்லை. கம்பெனிக்குக் கம்பெனி செருப்பு நம்பர் மாறுவது போலத்தான் இதுவும்.

இது முழுக்க வியாபாரத் தந்திரம் என்று சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. கோல்ஃப் மட்டை செய்யும் பிங் நிறுவனத்தைத் தொடங்கிய கார்ஸ்டன் சோல்ஹைம் அயர்னின் எடையை நடுவிலிருந்து ஓரங்களுக்கு நகர்த்திப் புது வழி காட்டினார். பிறகு எடை இன்னும் கீழே இறங்கியது, முகம் மெலிந்தது. எடை கீழே போனதும் பந்து தானாகவே உயரமாக எழும்புகிறது. அந்தத் தலையில் பழைய 39 டிகிரியை வைத்தால் பந்து வானத்துக்குப் போய் வந்துவிடும். அதனால் சாய்வைக் குறைத்தார்கள். அது நியாயம்தான். ஆனால் கடையில் நாலு செட்டை அடித்துப் பார்ப்பவர் தூரம் போனதைத்தான் எடுப்பார் என்பது விற்பவருக்கும் தெரியும். அதையும் மறைக்க வேண்டியதில்லை.

என்னிடம் வரும் பையன்களில் பலர் கேடி (ஆடுபவரின் மட்டைப் பையைச் சுமப்பவர்) வேலை பார்த்துக்கொண்டே ஆட்டம் பழகியவர்கள். எஸ்டேட் மேனேஜர் ஒருவர் கொடுத்த பழைய அயர்ன் இரண்டு, விருந்தினர் ஒருவர் விட்டுப்போன புதுசு ஒன்று என்று சேர்த்துத்தான் அவர்கள் பேக் நிறையும். அப்படி ஒருவன் கேட்டான்: "அண்ணா, அஞ்சும் ஏழும் ஒரே இடத்துல விழுது. என் ஸ்விங்லதான் தப்பா?" மாசக்கணக்கில் பிடியை மாற்றி, நிற்பதை மாற்றிப் பார்த்திருக்கிறான். அளந்தேன். பழைய ஐந்தாம் நம்பர் 31 டிகிரி, புது ஏழாம் நம்பர் 30. ஸ்விங் சுத்தமாக இருந்தது. நல்ல பையன் ஒருவன் தன் உடம்பைச் சந்தேகப்பட்டுக்கொண்டே இத்தனை நாள் ஆடியது எனக்குப் பொறுக்கவில்லை. இதை எழுத அதுவே காரணம்.

பெரிய ஓட்டை விழுவது குட்டை அயர்ன்களில். புது செட்டின் பிட்சிங் வெட்ஜ் 43, பேக்கில் ஏற்கெனவே கிடக்கும், மணல் குழியிலிருந்து அடிக்கும் சாண்ட் வெட்ஜ் 56. நடுவில் 13 டிகிரி. ஒரு டிகிரிக்கு இரண்டரை, மூன்று யார்டு என்று வைத்தாலும் 35 யார்டு அளவுக்கு உங்களிடம் கிளப்பே கிடையாது. தேயிலைக்கு நடுவே உள்ள நம்ம ஊர் ஒன்பது குழி மைதானங்களில் கிரீனை (குழி இருக்கும் புல்தரையை) நோக்கி அடிப்பது அதிகமும் அந்தத் தூரத்திலிருந்துதான். அப்புறம் பாதி ஸ்விங், முக்கால் ஸ்விங் என்று திணறுவார்கள். 48, 52 டிகிரியில் இரண்டு கேப் வெட்ஜ் (நடு இடைவெளியை நிரப்பும் வெட்ஜ்) சேர்த்தால் போதும். இங்கே நான்கைந்து டிகிரி இடைவெளி இருப்பதே சரி.

மெதுவாக ஸ்விங் செய்பவர்கள், குறிப்பாக வயதானவர்கள், 28 டிகிரியைக் கண்டு மயங்க வேண்டாம். பந்து தாழ்வாக வந்து இறங்கும். ஜூனில் தொடங்கும் இடவப்பாதி மழையில் தரை ஊறியிருக்கும்போது தெரியாது. பிப்ரவரி, மார்ச்சில் கிரீன் காய்ந்ததும் பந்து நிற்காமல் பின்பக்கம் ஓடிவிடும்.

இருக்கிற அயர்னையே வளைத்துத் தரச் சொல்லிக் கேட்கிறார்கள். அடித்து உருவாக்கிய மென்மையான கார்பன் ஸ்டீல் என்றால் இரண்டு டிகிரி வரை தைரியமாக வளைப்பேன். வார்ப்பு ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கழுத்தில் ஒடியலாம். ஒரு டிகிரிக்கு மேல் நான் தொடுவதில்லை. வெட்ஜின் சாய்வை ஒரு டிகிரி குறைத்தால் அடிப்பாகத்தின் பவுன்ஸும் (மண்ணில் புதையாமல் தடுக்கும் கோணமும்) ஒரு டிகிரி குறையும், ஈர மண்ணில் முனை குத்தி நிற்கும். மென்மையான அயர்ன்கள் கெட்டித் தரையில் அடிபட்டு அடிபட்டுத் தாமாகவே கொஞ்சம் வளைவதும் உண்டு. அதனால் பழைய செட் வாங்கினால் ஒவ்வொன்றையும் அளந்து, டிகிரியை ஷாஃப்டில் ஒட்டிக்கொள்ளுங்கள்.

தூரத்தைக் குறிக்கும்போது ஊரையும் சேர்த்துக் குறிக்கவும். மூணாறு கடல்மட்டத்திலிருந்து சுமார் 1,500 மீட்டர் உயரம். காற்று அடர்த்தி குறைவு, பந்து ஐந்தாறு சதவீதம் கூடப் போகும். இங்கே 150 யார்டு போகும் அயர்ன், கொச்சி விமான நிலையத்துக்குப் பக்கத்து மைதானத்தில் 142-ஐத் தாண்டுவது கஷ்டம்.