நிவாரண லாரியில் தண்ணீர் பாட்டில் மட்டும் போதுமா?

புயலோ வெள்ளமோ ஓய்ந்த மறுநாள், உதவ முன்வருவோர் முதலில் அனுப்பி வைப்பது பாட்டில் தண்ணீரைத்தான். முதல் ஓரிரு நாட்களுக்கு அது தேவை என்பதில் ஐயமில்லை. ஆனால், பேரிடர்க் காலக் குடிநீர், சுகாதாரப் பணியில் இருக்கும் எங்கள் கணக்கு வேறு. நிவாரணப் பணியாளர்கள் பின்பற்றும் ஸ்பியர் நெறிமுறைகள், ஒருவருக்கு நாளொன்றுக்குக் குறைந்தது 15 லிட்டர் நீர் வேண்டும் என்கின்றன. அதில் குடிப்பதற்கு ஆவது ஏறக்குறைய மூன்று லிட்டர்தான். மீதி சமைக்கவும், குளிக்கவும், கை கழுவவும் வேண்டிய நீர். அந்த மீதி கிடைக்காத முகாமில்தான் வயிற்றுப்போக்கு தலைகாட்டுகிறது.

2018 நவம்பர் 16 அதிகாலையில் வேதாரண்யம் அருகே கரையைக் கடந்த கஜா புயல் இதைத் தெளிவாகக் காட்டியது. டெல்டாவிலும் புதுக்கோட்டையிலும் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்கள் சாய்ந்துவிட்டன. பல ஊராட்சிகளில் ஆழ்துளைக் கிணற்றில் நீர் இருந்தது, மேல்நிலைத் தொட்டியும் சேதமின்றி நின்றது. மோட்டாரை ஓட்ட மின்சாரம்தான் இல்லை. ஜெனரேட்டரை ஊர் ஊராகக் கொண்டுபோய்த் தொட்டியை நிரப்பியதே அங்கே உண்மையான குடிநீர் நிவாரணம். எனவே, உதவ நினைப்பவர்கள் ஜெனரேட்டர் வாடகை, டீசல், மூடியும் குழாயும் உள்ள வாளிகள் ஆகியவற்றுக்குப் பணம் ஒதுக்கினால் பயன் பன்மடங்காகும். (காலி பாட்டில்கள் பின்னர் வடிகாலை அடைத்துக்கொள்ளும் தொல்லை தனி.)

தொட்டி நிரம்பியதும் குளோரின் கலக்க வேண்டும். ஆயிரம் லிட்டருக்கு 4 கிராம் பிளீச்சிங் பவுடர் என்பது தமிழகத்தில் வழக்கமான அளவு. 30,000 லிட்டர் தொட்டிக்கு 120 கிராம். பவுடரை அப்படியே கொட்டாமல், பிளாஸ்டிக் வாளியில் கரைத்து, சுண்ணாம்பு அடியில் படிந்தபின் தெளிந்த நீரை மட்டும் தொட்டியில் ஊற்றி, அரைமணி நேரம் விட்டே குழாயைத் திறக்க வேண்டும். ஈரக்காற்று பட்டுக் கட்டிதட்டிப்போன, மூக்கைத் துளைக்கும் நெடி இல்லாத பவுடரில் வீரியம் இருக்காது. அதை எவ்வளவு போட்டாலும் வீண். ஆகவே, போட்ட அளவை நம்பாமல் கடைசித் தெருக் குழாயில் நீர் பிடித்து, நீரிலுள்ள குளோரின் அளவை நிறத்தால் காட்டும் குளோரோஸ்கோப் கருவியில் பார்க்க வேண்டும். சோதனைத் துளிகள் விட்டதும் நீர் மஞ்சளாக மாறி, எஞ்சிய குளோரின் குறைந்தது 0.2 பிபிஎம் (லிட்டருக்கு 0.2 மில்லிகிராம்) காட்டினால்தான் அந்த நீர் பாதுகாப்பானது. வெள்ளம் புகுந்த ஊரில் நீர் கலங்கலாக இருந்தால் குளோரினின் வேலை பாதியிலேயே நின்றுவிடும். முதலில் கலங்கலைத் தெளியவைக்க வேண்டும்.

கழிப்பறையைப் பற்றி யாரும் கேட்பதில்லை, நன்கொடையும் வருவதில்லை. தொடக்கத்தில் 50 பேருக்கு ஒன்று, கூடிய விரைவில் 20 பேருக்கு ஒன்று என்பது கணக்கு. பெண்களுக்கு ஆண்களைவிட மூன்று மடங்கு வேண்டும். பள்ளியிலோ கல்யாண மண்டபத்திலோ நூற்றுக்கணக்கானோரைத் தங்கவைத்து, உள்தாழ்ப்பாளும் விளக்கும் இல்லாத இரண்டு கழிப்பறைகளைக் காட்டினால், பெண்கள் இருட்டில் போக அஞ்சித் தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொள்கிறார்கள். அங்கே எத்தனை டேங்கர் வந்து நின்றாலும் பயனில்லை. குழி வெட்டினால், நீர்நிலையிலிருந்து 30 மீட்டராவது தள்ளி வெட்ட வேண்டும்.

கடல்நீர் புகுந்த கிணறுகளில் தனிக் கவனம் தேவை. கடலோர மணற்பாங்கில் நன்னீர், உப்புநீரின் மேல் மெல்லிய அடுக்காக மிதக்கிறது. 2004 சுனாமிக்குப் பின் இலங்கையின் கிழக்குக் கரையில், உப்பை வெளியேற்றும் அவசரத்தில் கிணறுகளை மீண்டும் மீண்டும் இறைத்த இடங்களில், அடியிலிருந்த உப்புநீர் மேலேறி நிலைமை மோசமாயிற்று. சேறு, குப்பையை அகற்ற மட்டும் நிதானமாக இறைத்து, சுவரைக் கழுவிக் குளோரின் இட்டு விட்டுவிட வேண்டும். மழைநீர் இறங்கி உப்பு தணியும்வரை அக்குடும்பங்களுக்கு டேங்கர் நீரைத் தொடர்ந்து தர வேண்டும்.