மழைநீர் சேகரிப்பு: சட்டம் கேட்பது என்ன, தானாக இயங்க எப்படி அமைப்பது?

தமிழ்நாட்டில் வீடு, கடை, அடுக்குமாடி, அரசு அலுவலகம் எதுவானாலும் மழைநீர் சேகரிப்பு கட்டாயம். 2003 ஜூலையில் வந்த அவசரச் சட்டம் புதிய கட்டடங்களோடு நிற்காமல், ஏற்கெனவே கட்டி முடித்தவற்றையும் இதற்குள் கொண்டுவந்தது. புதிதாகக் கட்டுவோருக்கு 2019-ஆம் ஆண்டின் ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகளும் இதையே சொல்கின்றன.

அமைக்காவிட்டால், உரிமையாளருக்கோ குடியிருப்பவருக்கோ நோட்டீஸ் கொடுத்துவிட்டு உள்ளாட்சி அமைப்பே ஆள் வைத்துக் கட்டலாம். அந்தச் செலவைச் சொத்து வரி வசூலிப்பதுபோல வசூலிக்கலாம். அமைக்கும்வரை குடிநீர் இணைப்பைத் துண்டிக்கவும் சட்டத்தில் இடமுண்டு.

சட்டத்துக்காக ஒரு பைப்பை இறக்கிக் குழிக்குள் விட்டவர்கள் ஏராளம். அவற்றில் பல இன்று வேலை செய்வதில்லை. மழை தொடங்கியதும் ஒருவர் ஓடிப்போய், அழுக்கான முதல் நீரை ஒதுக்க வால்வைத் திருப்ப வேண்டும் என்ற ஏற்பாடு நிலைக்காது. நள்ளிரவு மழைக்கு யார் எழுந்து போவது? தண்ணீர் தட்டுப்பாடு உள்ள பகுதியில் ஒவ்வொரு மழையும் முக்கியம். அதனால் கை படாமல் இயங்கும்படி அமைப்பதே சரி. அதற்கு மின்சாரம்கூடத் தேவையில்லை.

முதலில் அளவு. 100 சதுர மீட்டர் மொட்டை மாடியில் 1 மி.மீ. மழை பெய்தால் 100 லிட்டர். தளம் உறிஞ்சுவது, சிதறுவது போக 80 லிட்டர் கைக்கு வரும். 50 மி.மீ. மழைக்கு 4,000 லிட்டர். 5,000 லிட்டர் சம்ப் ஒரு நல்ல மழையிலேயே ஏறக்குறைய நிரம்பிவிடும் என்பதால், மிஞ்சுவதை நிலத்துக்குள் அனுப்பும் வழியும் கூடவே இருக்க வேண்டும்.

அடுத்தது முதல் மழைநீரை ஒதுக்குவது. தூசி, பறவை எச்சம், சருகு எல்லாம் பெரும்பாலும் முதல் அரை மி.மீ. மழையில்தான் அடித்து வரப்படுகின்றன. 100 சதுர மீட்டருக்கு அது 50 லிட்டர். மாடியிலிருந்து இறங்கும் பைப்பில் ஒரு டீ (T வடிவ இணைப்பு) போட்டு, நேர் கீழே 160 மி.மீ. பிவிசி பைப்பை 3 மீட்டர் நீளத்துக்கு நிறுத்தி, அடியை எண்ட் கேப்பால் மூடினால் ஏறக்குறைய அவ்வளவு பிடிக்கும். உள்ளே ஒரு மிதக்கும் பந்து. அழுக்கு நீர் நிரம்ப நிரம்பப் பந்து மேலேறி, டீக்குக் கீழே பொருத்திய குறுகிய வாயை அடைத்துக்கொள்ளும். அதன் பிறகு வரும் தெளிந்த நீர் டீயின் பக்கவாட்டு வழியாக வடிகட்டிக்குப் போகும். எண்ட் கேப்பில் 2 மி.மீ. துளை ஒன்று போட்டால், மழை நின்று சுமார் இரண்டு மணி நேரத்தில் பைப் காலியாகி அடுத்த மழைக்குத் தயாராகிவிடும். பந்து பைப்பின் விட்டத்தைவிடச் சிறிதாகவும், அந்த வாயைவிடப் பெரிதாகவும் இருக்க வேண்டும். இதில் தவறினால் மற்றதெல்லாம் வீண்.

அடிக்கடி கெடுவது அந்தச் சிறு துளைதான். மண் அடைத்துக்கொண்டால் பைப் எப்போதும் நிரம்பியே இருக்கும். அடுத்த மழையின் அழுக்கு முழுதும் நேரே சம்புக்குப் போகும். வெளியே பார்க்க எந்த அறிகுறியும் தெரியாது. ஒட்டாமல் மரை போட்ட எண்ட் கேப்பை மாட்டினால் கழற்றிக் கழுவலாம். மழைக்காலத்தில் மாதம் ஒருமுறை போதும்.

வடிகட்டியில் அடியில் கூழாங்கல், நடுவில் சிறு ஜல்லி, மேலே பருமணல். மேல் மணல் இறுகிவிட்டால் நீர் பின்வாங்கி மாடியில் தேங்கும். ஆண்டுக்கு ஒருமுறை வடகிழக்குப் பருவமழைக்கு முன்பு அதை எடுத்து அலசிப் போடுங்கள்.

சம்பின் ஓவர்ஃப்ளோ பைப்பைத் தெருக் கால்வாயில் இணைக்காதீர்கள். வெள்ளத்தின்போது சாக்கடை நீர் அதே வழியாகச் சம்புக்குள் ஏறும். உறை கிணற்றுக்கோ கசிவுக் குழிக்கோ விட்டு, பைப்பின் வாயில் கொசு நுழையாத வலை கட்டுங்கள். மணற்பாங்கான நிலத்தில் சாதாரணக் குழியே உறிஞ்சும். களிமண் என்றால் குழிக்குள் 30 செ.மீ. விட்டத்தில் துளையிட்டு, மணல் அடுக்கை எட்டும்வரை இறக்கிச் செங்கல் ஜல்லி நிரப்ப வேண்டும். குழி எதுவானாலும் செப்டிக் டேங்கிலிருந்து தள்ளியே இருக்கட்டும்.

சம்பிலிருந்து மேல்நிலைத் தொட்டிக்கு ஏற்றும் மோட்டாருக்குத் தானியங்கிக் கருவி வைப்பவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். கம்பி முனைகள் தண்ணீரைத் தொடுவதை வைத்து அளவறியும் சென்சார், நீரில் கரைந்த உப்பு வழியாக மின்சாரம் பாய்வதை நம்பியிருக்கிறது. மழைநீரில் உப்பு மிகக் குறைவு. போர் தண்ணீருக்குச் சரியாக வேலை செய்த சென்சார், மழைநீர் நிரம்பிய சம்பைக் காலி என்று எடுத்துக்கொண்டு மோட்டாரை ஓடவே விடாமல் போகலாம். மேல்தொட்டியில் இருந்தால் நிரம்பி வழிந்தாலும் நிறுத்தாமல் போகலாம். இரண்டு தொட்டியிலும் மிதவை சுவிட்ச் மாட்டுங்கள்.